கையுறை அணிந்த கை எதைத் தொட்டது?

மாலை ஆறு மணிக்கு மேல் வில்லாபுரத்திலிருந்து அவனியாபுரம் நோக்கி நடப்பவர்களுக்குக் கரிப்புகையின் மணம் புதிதன்று. கம்பியில் கோத்துச் சுழலும் கோழி, தந்தூரி அடுப்பு, ஷவர்மா, ‘பார்பிக்யூ’ என்ற பெயர்ப்பலகையோடு அண்மையில் வந்துள்ள கரியடுப்புகள் என்று மதுரையின் இரவு உணவு சில ஆண்டுகளில் வெகுவாக மாறிவிட்டது. கறிதோசைக்கும் கொத்துப் பரோட்டாவுக்கும் பெயர்பெற்ற ஊர், தணலில் சுட்ட கோழியையும் தன் உணவாக ஏற்றுக்கொண்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டைமாடியில் கரியடுப்பு மூட்டிக் குடும்பத்தோடு கோழி சுடும் வழக்கமும் பல வீடுகளுக்கு வந்துவிட்டது.

இரைப்பை, குடல் நோய்ப் பிரிவில் பணியாற்றும் எனக்கு இந்த மாற்றம் திங்கட்கிழமை காலைகளில் தெரியவரும். வயிற்றுப்போக்கோடும் காய்ச்சலோடும் வருபவர்களிடம் முதல் நாள் என்ன உண்டீர்கள் என்று கேட்போம். அப்போது உடன் வந்திருக்கும் உறவினர் பெரும்பாலும் ஒரே விளக்கத்தைத் தருவார்: “நல்ல கடைதான் டாக்டர். கையில உறை மாட்டிக்கிட்டுத்தான் எல்லாம் செஞ்சாங்க.” பிளாஸ்டிக் உறையைக் கண்டதும் நம் மனம் சமாதானம் அடைந்துவிடுகிறது. அந்தச் சமாதானத்துக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம் என்பதைப் பார்ப்போம்.

மருத்துவத்தில் இரப்பர் கையுறை வந்த கதையிலிருந்து தொடங்கலாம். 1889-90 காலகட்டத்தில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் பணியாற்றினார். அவருடைய அறுவை அரங்கில் இருந்த கரோலைன் ஹாம்ப்டன் என்ற செவிலியருக்கு, கருவிகளைத் தூய்மையாக்கப் பயன்பட்ட பாதரச உப்புக் கரைசலால் கைகளில் கடுமையான தோல் அழற்சி ஏற்பட்டது. அவருடைய கைகளைக் காப்பதற்காக ஹால்ஸ்டெட், குட்இயர் இரப்பர் நிறுவனத்திடம் மெல்லிய கையுறைகளைச் செய்து தரச் சொன்னார். நோயாளியைக் கிருமியிலிருந்து காக்கும் பயன் பின்னரே உணரப்பட்டது. (ஹால்ஸ்டெட்டும் ஹாம்ப்டனும் 1890இல் திருமணம் செய்துகொண்டனர் என்பதை மருத்துவ மாணவர்கள் பாடத்தைவிட நன்றாக நினைவில் வைத்திருப்பார்கள்.)

இந்த வரலாற்றைச் சொல்லக் காரணம் உண்டு. கையுறை முதலில் காப்பது அதை அணிந்தவரைத்தான். எதிரே இருப்பவரை அது காக்க வேண்டுமானால், அதை எப்போது மாட்டுவது, எப்போது கழற்றி எறிவது, மாட்டுவதற்கு முன்னும் பின்னும் கையை எப்படிக் கழுவுவது என்ற ஒழுங்கு வேண்டும். அறுவை அரங்கில் அந்த ஒழுங்கைக் கற்றுக்கொடுக்க ஆண்டுகள் ஆகின்றன. தெருவோர அடுப்பில் நிற்கும் இளைஞருக்கு அதை ஒருவரும் கற்றுத் தருவதில்லை. ஒரு பொட்டலம் உறைகள் மட்டும் கொடுக்கப்படுகின்றன.

ஒருநாள் மாலை, சுட்ட கோழி விற்கும் ஒரு கடையின் முன் கால்மணி நேரம் நின்று, பணியாளர் ஒருவரின் வலக்கையை மட்டும் கவனித்தேன். மசாலா தடவிய பச்சைக் கோழித் துண்டுகளைப் பாத்திரத்திலிருந்து எடுத்துக் கம்பியில் கோத்தார். சரிந்த கரியைத் தள்ளிவிட்டார். செல்பேசியில் பணம் வந்ததா என்று திரையைத் தொட்டுப் பார்த்தார். ஐந்நூறு ரூபாய்த் தாளை வாங்கிச் சில்லறை கொடுத்தார். வெந்த கோழியைப் பலகையில் வைத்து, ஒரு கையால் அழுத்திப் பிடித்து வெட்டினார். வெங்காயத்தையும் முட்டைக்கோஸையும் அள்ளி அதன்மேல் வைத்துக் கட்டிக் கொடுத்தார். அத்தனை வேலைகளுக்கும் அவர் கையில் இருந்தது ஒரே உறை. வெறுங்கையாக இருந்திருந்தால் பச்சைக் கோழியின் பிசுபிசுப்பு அவருக்கே உறுத்தியிருக்கும். ஒரு துணியிலாவது துடைத்திருப்பார், தண்ணீரிலாவது நனைத்திருப்பார். உறை அந்த உறுத்தலை மறைத்துவிட்டது. அவர்மீது எனக்குக் குறையில்லை. வாங்குபவர்கள் கேட்டது உறையைத்தான். அதை அவர் அணிந்திருந்தார்.

இது ஒரு கடையின் கதை மட்டுமன்று. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், உணவகப் பணியாளர்களை நேரில் கவனித்து 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கையுறை அணிந்திருந்த வேளைகளில், கழுவ வேண்டிய நேரத்தில் கை கழுவுவது குறைந்திருந்தது என்பது அதன் முக்கியமான முடிவுகளுள் ஒன்று. குழாயும் சோப்பும் பயிற்சியும் உள்ள சமையற்கூடங்களிலேயே நிலைமை அது. குழாயே இல்லாத தள்ளுவண்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கோழியிலிருந்து வருவதும் மனிதரிடமிருந்து வருவதும்

சுட்ட இறைச்சியால் வரும் நோய்க்கிருமிகளை அவை எங்கிருந்து வருகின்றன என்பதைக் கொண்டு இரண்டாகப் பிரித்துப் பார்த்தால், கையுறையின் பயனும் எல்லையும் தெளிவாகும்.

சால்மொனெல்லா, கேம்பைலோபாக்டர் ஆகியவை கோழியின் குடலில் இயல்பாக வாழ்பவை. கோழியை அறுத்துச் சுத்தம் செய்யும்போது இறைச்சியில் ஒட்டிக்கொள்கின்றன. இவற்றைக் கொல்வது வெப்பம். துண்டின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸை எட்டிவிட்டால் இவை பிழைப்பதில்லை. ஆனால் தணலுக்கு ஒரு குணம் உண்டு. வெளிப்புறத்தை விரைவில் கருக்கிவிடும்; எலும்பை ஒட்டிய சதையை எட்ட அதற்கு நேரம் வேண்டும். ஷவர்மாவில் இன்னொரு சிக்கல். நெருப்பைப் பார்த்த மேல் அடுக்கைச் சீவச் சீவ, உள்ளிருக்கும் அடுக்கு வெளியே வருகிறது. கூட்டம் மிகுந்த நேரத்தில், அந்த அடுக்கு வேகும் முன்பே கத்தி அதை எட்டிவிடுகிறது. இத்தகைய அரைவேக்காட்டுக்குக் கையுறை எந்தப் பரிகாரமும் ஆகாது.

ஷிகெல்லா, டைபாய்டு, நோரோ வைரஸ் ஆகியவற்றின் பிறப்பிடம் வேறு. இவை மனித மலத்திலிருந்து, கழுவாத கை வழியாகவோ கழிவு கலந்த நீர் வழியாகவோ உணவை அடைகின்றன. ஷிகெல்லா கோழியில் வாழும் கிருமியன்று. அதன் இயற்கையான வீடு மனிதக் குடல். நூறுக்கும் குறைவான கிருமிகளே ஒருவரை நோயில் வீழ்த்தப் போதுமானவை. 2022 மே மாதம் கேரளத்தின் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா உண்ட பலர் நோயுற்று, பள்ளி மாணவி ஒருவர் உயிரிழந்தபோது, பாதிக்கப்பட்டவர்களின் மாதிரிகளில் ஷிகெல்லா கண்டறியப்பட்டதாக அம்மாநிலச் சுகாதாரத் துறை தெரிவித்தது. செய்தியில் எல்லோரும் இறைச்சியைப் பற்றிப் பேசினார்கள். ஷிகெல்லா என்ற பெயரைக் கேட்டதும் மருத்துவர்கள் நினைத்தது கையையும் தண்ணீரையும்.

டைபாய்டைப் பொறுத்தவரை, நோய் நீங்கிய பிறகும் சிலருடைய பித்தப்பையில் கிருமி ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். அவர்களுக்கு எந்தத் தொல்லையும் இராது. நியூயார்க்கில் சமையல் வேலை பார்த்த மேரி மேலன் என்ற பெண்ணை 1907இல் இவ்வாறு கண்டறிந்தார்கள். தன் உடலில் கிருமி இருப்பதை அவர் இறுதிவரை நம்பவில்லை; தாம் ஆரோக்கியமாகவே இருப்பதாக உணர்ந்தார். நம் நாட்டில் உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி உணவைக் கையாள்பவர் ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை செய்துகொள்ளவும் தடுப்பூசி போட்டுக்கொள்ளவும் வேண்டும் என்று இருப்பதன் காரணம் இதுதான். கடைச் சுவரில் பதினான்கு இலக்க உரிம எண்ணைத் தேடும் பழக்கம் சிலரிடம் வந்திருக்கிறது. பணியாளரின் மருத்துவச் சான்றிதழைக் கேட்டவர் எவரையும் நான் இதுவரை கண்டதில்லை.

மூன்றாவதாக ஒரு கிருமியையும் குறிப்பிட வேண்டும். ஸ்டைபிலோகாக்கஸ் நம் மூக்கிலும் தோலிலும், சீழ்பிடித்த புண்ணிலும் வாழ்கிறது. வெந்த இறைச்சியைப் புண்பட்ட விரலால் பிய்த்து, அறை வெப்பத்தில் சில மணி நேரம் வைத்துவிட்டால், அது பெருகி நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. உண்ட அரை மணி நேரத்திலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் கடும் வாந்தி தொடங்கும். இங்கே கையுறைக்கு உண்மையான வேலை இருக்கிறது. வெந்த பிறகு கையால் பிய்ப்பதற்கும் பரிமாறுவதற்கும், கழுவிய கையில் மாட்டிய புதிய உறையைவிடச் சிறந்தது இடுக்கி ஒன்றே.

2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா உண்ட நாற்பதுக்கும் மேற்பட்டோர் நோயுற்றுப் பள்ளி மாணவி ஒருவர் உயிரிழந்த பின், அந்த மாவட்டத்தில் ஷவர்மாவுக்கும் கிரில், தந்தூரி வகைகளுக்கும் தற்காலிகத் தடை விதிக்கப்பட்டது. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸைக் கேரளம் 2023 ஜனவரியிலும், தமிழ்நாடு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்கும் தடை செய்தன. இவை வேண்டிய நடவடிக்கைகளே. ஆயினும் தடை ஒரு பொருளை விலக்கலாம். பச்சைக் கோழியைத் தொட்ட கை அடுத்து எதைத் தொடுகிறது என்பதை அது கண்காணிக்க முடியாது. அதை வாங்குபவர் கண்தான் பார்க்க வேண்டும்.

எனவே கடையில் நிற்கும்போது உறை இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், வேலை மாறும்போது உறை மாறுகிறதா என்று பாருங்கள். பணம் வாங்குபவர் வேறு, இறைச்சி தொடுபவர் வேறு என்றிருக்கும் கடை நல்ல கடை. பச்சைக்கு ஓர் இடுக்கி, வெந்ததற்கு ஓர் இடுக்கி என்று வைத்திருக்கும் கடை அதைவிட நல்லது. அங்கே உறையே இல்லாவிட்டாலும் நான் வாங்குவேன். உறையோடு மூக்கைச் சொறிபவர் இருக்கும் கடையில் வாங்கமாட்டேன்.

உங்கள் வீட்டு மொட்டைமாடியில்

வீட்டில் சுடும்போது மேற்பார்வையாளரும் நீங்கள்தான், பணியாளரும் நீங்கள்தான். கோழியை மஞ்சள்தூள் போட்டுக் குழாயடியில் அலசுவது நம் வழக்கம். அதை விடுங்கள் என்று சொன்னால் எந்த வீட்டிலும் கேட்கமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். ஓடும் குழாய்நீர் இறைச்சியில் பட்டுத் தெறிக்கும்போது கிருமிகள் பக்கத்திலிருக்கும் தட்டுகளிலும் மல்லித்தழையிலும் போய் விழுகின்றன. மஞ்சள் அவற்றைக் கொல்வதில்லை. அலசியே தீர வேண்டுமென்றால், பாத்திரத்தில் நீர் நிரப்பி மெல்ல அலசி, அந்த நீரைத் தெறிக்காமல் கொட்டி, தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிடுங்கள். தயிரும் மிளகாய்த்தூளும் இஞ்சிபூண்டு விழுதும் தடவிய கோழி ஊறவேண்டிய இடம் குளிர்சாதனப் பெட்டி, அதிலும் கீழ்த்தட்டு. நம் சித்திரை வெயிலில் அடுப்படி மேடையில் ஊறினால் ஊறுவது மசாலா மட்டுமன்று.

மசாலா தடவும்போது கையுறை அணிவது நல்ல பழக்கம். மிளகாயின் எரிச்சல் விரலில் தங்காது. பின்னர் கண்ணைக் கசக்கி அவதிப்பட வேண்டியதில்லை. விரலில் வெட்டுக்காயமோ நகச்சுற்றோ படையோ உள்ளவர்கள் கட்டாயம் அணிய வேண்டும். முடிந்தால் அன்று அந்த வேலையை வேறொருவரிடம் விட்டுவிடுவது இன்னும் மேல். குடும்பத்தில் நோயாளியின் புண்ணுக்குக் கட்டு மாற்றுபவரே சமைப்பவராகவும் இருப்பது நம் வீடுகளில் இயல்பு. அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கட்டு மாற்றுவதற்கான உறை வேறு, சமையலுக்கான உறை வேறு, இரண்டுக்கும் இடையே சோப்பும் ஓடும் நீரும் இருபது விநாடியும் வேண்டும். கை தேய்க்கும் சானிடைசர் எண்ணெய்ப் பிசுக்குள்ள கையில் சரிவர வேலை செய்யாது. நோரோ வைரஸை அது முழுமையாக அழிப்பதுமில்லை.

எந்த உறை வாங்குவது என்று கேட்பார்கள். பிரியாணிக் கடைகளில் பார்க்கும் தொளதொளப்பான பாலித்தீன் உறை பரிமாறப் போதும். மசாலா பிசைந்தால் கிழிந்துவிடும். அதற்கு நைட்ரைல் உறை ஏற்றது. இரப்பர்பால் எனப்படும் லேட்டக்ஸ் உறையை உணவுக்குப் பயன்படுத்தாதீர்கள். சிலருக்கு அது கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும், அதன் புரதம் உணவிலும் ஒட்டக்கூடும். ஒருமுறை பயன்படுத்தும் உறையைக் கழுவிக் காயப்போட்டு மறுமுறை அணிவது சிக்கனம் ஆகாது.

இவை எவையும் நெருப்புக்கு ஆகா. தணலருகே சென்றால் பிளாஸ்டிக் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்; அந்தத் தீப்புண் வெறுங்கையில் படும் சூட்டைவிட மோசமானது. நீரிழிவால் விரல்களில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு, உருகுவதே தாமதமாகத்தான் தெரியும். மேல்நாட்டில் பெருந்துண்டுகளைச் சுடுபவர்கள் உள்ளே பருத்தி உறையும் மேலே நைட்ரைல் உறையும் அணிந்து, அடுப்பிலிருந்து இறக்கிய சூடான இறைச்சியைப் பிய்ப்பார்கள். அதுவும் இறக்கிய பின்னர்தான். அடுப்பருகே நீண்ட இடுக்கியே போதும்.

பச்சைக் கோழி இருந்த தட்டிலேயே வெந்ததை எடுத்து வைப்பது வீடுகளில் நான் அதிகம் கேள்விப்படும் தவறு. அடுத்தது, ஊறவைத்த மசாலாவின் மிச்சத்தை, வெந்துகொண்டிருக்கும் துண்டின்மேல் கடைசி நிமிடத்தில் தடவுவது. தடவத்தான் வேண்டுமென்றால், கோழி போடுவதற்கு முன்பே கொஞ்சம் மசாலாவைத் தனியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெந்ததா என்று நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய இயலாது. புகை பட்ட இறைச்சி நன்கு வெந்த பின்னும் இளஞ்சிவப்பாக இருக்கக்கூடும். குத்திப் பார்க்கும் உணவு வெப்பமானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அடுப்புக்கும் கரிக்கும் செலவு செய்பவர்கள் அதையும் வாங்கலாம்.

நோயாளி இருக்கும் வீட்டில்

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவருக்கு “வாய்க்கு ருசியாக” எதையாவது வாங்கிக் கொடுக்க உறவினர் விரும்புவது இயல்பு. ஆனால் சிறுநீரக மாற்று அறுவை செய்தவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர்கள், கல்லீரல் சுருக்கம் உள்ளவர்கள், ஸ்டீராய்டு மாத்திரை உண்பவர்கள், கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், முதியவர்கள் ஆகியோருக்கு மற்றவர்கள் இரண்டு நாளில் தேறிவிடும் அதே கிருமி இரத்தத்தில் பரவக்கூடும். இவர்களுக்குக் கடையில் சுட்ட கோழி வேண்டாம். வீட்டில் நன்றாக வேகவைத்து, சூடாக இருக்கும்போதே கொடுங்கள், ஆசை நிறைவேறும்.

பலர் அறியாத ஒன்றும் உண்டு. இரைப்பை அமிலம் நம் உடலின் முதல் காவல். நெஞ்செரிச்சலுக்காக ஓமிப்ரசோல், பான்டோப்ரசோல் போன்ற மாத்திரைகளை நெடுநாளாக உண்பவர்களிடம் அந்தக் காவல் தளர்ந்திருக்கும்; குடல் தொற்று அவர்களுக்கு எளிதில் வரும். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். அது இன்னமும் தேவைதானா என்று அடுத்த முறை வரும்போது கேளுங்கள்.

நோய் வந்துவிட்டால், கடைசியாக உண்ட உணவின்மீதே பழி போடுவது நம் வழக்கம். ஷிகெல்லா ஓரிரு நாளிலும், கேம்பைலோபாக்டர் இரண்டு முதல் ஐந்து நாளிலும், சால்மொனெல்லா ஆறு மணி நேரத்திலிருந்து ஆறு நாள் வரையிலும் வெளிப்படலாம். டைபாய்டுக்கு வாரங்கள் ஆகலாம். ஆகவே நேற்றைய இட்லியைக் குற்றஞ்சாட்டும் முன் சென்ற வாரத்தையே நினைத்துப் பாருங்கள். ஓ.ஆர்.எஸ். பொடியை உறையில் எழுதியுள்ள அளவு நீரில் கரைத்துச் சிறிது சிறிதாகக் குடிக்கத் தொடங்குங்கள். அதில் சர்க்கரை இருக்கிறதே என்று நீரிழிவு உள்ளவர்கள் தவிர்க்க வேண்டியதில்லை; நீரிழப்பே அவர்களுக்குப் பெரிய ஆபத்து. சர்க்கரை அளவை அடிக்கடி பார்த்துக்கொண்டு குடியுங்கள். காய்ச்சலோ மலத்தில் இரத்தமோ இருந்தால், போக்கை நிறுத்தும் மாத்திரையை மருந்துக்கடையில் நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். வெளியேற வேண்டிய கிருமி உள்ளேயே அடைபடும்.

மலத்தில் இரத்தம், 102 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், குடித்தது எதுவும் தங்காத வாந்தி, சிறுநீர் குறைதல், குழந்தை சோர்ந்து துவளுதல், மூன்று நாளைக் கடந்த வயிற்றுப்போக்கு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். இரவானாலும் அவசரப் பிரிவுக்கு வாருங்கள். மேலே சொன்ன நோயாளிகளுள் ஒருவராக இருந்தால், இவை தோன்றும் வரைகூடக் காத்திருக்காதீர்கள். வயிற்றுப்போக்கு நின்ற சில வாரங்களுக்குள் கால்களில் பலவீனம் தொடங்கி மேல்நோக்கி ஏறினாலும் உடனே வர வேண்டும். கேம்பைலோபாக்டர் தொற்றுக்குப் பின் அரிதாக நரம்புகள் பாதிக்கப்படுவதுண்டு.

வரும்போது என்ன உண்டீர்கள், எங்கே, எத்தனை மணிக்கு, உடன் உண்டவர்களில் வேறு யாருக்கேனும் தொல்லை உண்டா என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு வாருங்கள். ஒரே கடையில் உண்ட இருவர் மூவர் என்று தெரிந்தால், மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அன்றே தகவல் சொல்ல முடியும். அடுத்த நாள் மாலை அதே அடுப்பின் முன் நிற்கப் போகிறவர்களுக்கு அது உதவும்.